தங்கைக்கு பெப்பர் ஸ்பிரே, எது வாங்கலாம்? (வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்)

#1 தறிச்சத்தம்

வணக்கம்ங்க. குமாரபாளையத்திலிருந்து எழுதுகிறேன். தங்கைக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஷிப்ட் வேலை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும்போது ராத்திரி பன்னிரண்டேகால் ஆகிவிடுமாம். அங்கிருந்து ஹாஸ்டல் நானூறு மீட்டர். நடுவில் ஒரு டாஸ்மாக். கடையை பத்து மணிக்கு மூடிவிடுவார்கள், ஆனால் வாங்கியவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

அம்மா "வேலையே வேண்டாம், ஊரிலேயே இரு" என்கிறார். தங்கை போயே தீருவேன் என்கிறாள். நான் அவள் கட்சி. ஆனாலும் வெறுங்கையோடு அனுப்ப மனசு கேட்கவில்லை. பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ள லைசென்ஸ் ஏதும் வேண்டுமா, எந்த மாதிரி வாங்குவது, இல்லை கராத்தே வகுப்பில் சேர்த்துவிடலாமா? அவள் வேலைக்குச் சேர இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது.

#2 ரெட்டைவால்குருவி

லைசென்ஸ் தேவையில்லை. ஆன்லைனில் கிடைக்கும், சில மருந்துக்கடைகளிலும் வைத்திருக்கிறார்கள். விமானத்தில் மட்டும் கொண்டுபோக முடியாது.

நான் ஏழு வருடமாக வைத்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை அடித்தேன். அந்தக் கதை இதுதான்: காற்று என் பக்கம் வீசியது. அவனும் இருமினான், நானும் இருமினேன், அவன் ஓடிவிட்டான், நான் மூடிக்கிடந்த ஒரு கடைவாசலில் உட்கார்ந்து கண்ணைத் திறக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தேன். அதற்கு முன்னால் அந்த டப்பாவைப் பைக்குள் தேடியதிலேயே பாதி உயிர் போய்விட்டது, சார்ஜர், சீப்பு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது.

அதனால் சொல்கிறேன், புகை மாதிரி பரவுவதை வாங்காதீர்கள், தண்ணீர்த் துப்பாக்கி மாதிரி கோடாகப் பீய்ச்சுவது நல்லது. காலாவதி தேதி பாருங்கள். வாங்கியதும் மொட்டை மாடியில் ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டும், பூட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் அது இல்லாத மாதிரிதான்.

#3 பழைய_கண்டக்டர்

தம்பி, நான் டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதியவன். அந்தக் காலத்தில் பஸ் ஏறும் பெண்கள் கையில் ஊக்கு இருக்கும். கூட்டத்தில் எவனாவது "ஸ்ஸ்" என்று கையை உதறினால் எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும், அவனை முன்வாசல் பக்கம் கூப்பிட்டு இறக்கிவிடுவோம். அப்போது அதற்கு விதி கிடையாது, நாங்களாகச் செய்ததுதான். 2022-ல் மோட்டார் வாகன விதியையே திருத்திவிட்டார்கள். முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது எல்லாம் அதில் வந்துவிட்டது, கண்டக்டர் எச்சரிக்கலாம், இறக்கிவிடலாம், போலீசில் ஒப்படைக்கலாம்.

அது இருக்கட்டும். நீ ஸ்பிரேயைப் பற்றிக் கேட்கிறாய். நான் கேட்பது, பஸ் ஏன் மெயின் ரோட்டில் நிற்கிறது? நானூறு மீட்டர் உள்ளே வந்து திரும்ப அந்த டிரைவருக்கு ஐந்து நிமிஷம். அந்த ஹாஸ்டலில் அதே கம்பெனிப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரி. அந்த நானூறு மீட்டரே இல்லாமல் போய்விட்டால் ஸ்பிரேக்கு என்ன வேலை?

#4 கருப்புக்கோட்டு

பெரியவர் சொல்வது சரி. தொழிற்சாலைகளில் பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இருந்த பிரிவை 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அப்போதே போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிபந்தனைகளும் விதித்தது. கம்பெனி பஸ் விடுவது தர்மத்துக்காக இல்லை. நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்டு மனிதவளத் துறைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மெயிலில், தேதியோடு. வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். எழுத்தில் வந்த புகாரைப் பார்க்காமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் தலை உருளும் என்று அவர்களுக்கே தெரியும்.

#5 கம்பும்_கையும்

நாகர்கோவில் பக்கம் சிலம்பமும் அடிமுறையும் சொல்லிக்கொடுக்கிறேன். என் பிழைப்பில் நானே மண் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஒன்றரை மாதத்தில் எவராலும் சண்டை கற்றுக்கொள்ள முடியாது. கராத்தே பெல்ட் வாங்கிய பெண்ணே நேரில் ஒருவன் கையைப் பிடித்தபோது மரம் மாதிரி நின்றுவிட்டாள், என் மாணவிதான், ஐந்து வருடம் கம்பு சுற்றியவள். அவள் மேல் தப்பில்லை. பயத்தில் உடம்பு உறைந்துபோவது கோழைத்தனம் இல்லை, அது தானாக நடப்பது, அப்புறம் அதை நினைத்து "நான் ஏன் கத்தவில்லை" என்று காலம் முழுக்க தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்காது.

அப்படியானால் எதைக் கற்றுக்கொள்ளலாம்? எங்களில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சுவடு வைக்கச் சொல்லிக்கொடுப்போம். கால் எங்கே நிற்கிறது, எதிராளி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் விலகலாம் என்பதுதான் முதல் பாடம். ஒரு கை நீளத்துக்குள் ஒருவனை வரவிடாமல் இருப்பது பாதி வித்தை. கையைப் பிடித்துவிட்டால் அவன் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும், பிடியில் பலவீனமான இடம் அதுதான். கத்தி வைத்திருந்தால் எந்த வித்தையும் வேண்டாம், பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடவேண்டியதுதான். கத்தியைப் பிடுங்கச் சொல்லித்தரும் ஆசான் யாராவது இருந்தால் அவரிடம் போகாதீர்கள்.

இன்னொன்று, இது என் மனைவி கண்டுபிடித்தது. தெருவில் ஒருவன் வம்பு செய்யும்போது நம் பெண்கள் "போடா", "விடுடா" என்று கத்துகிறார்கள். பார்ப்பவன் என்ன நினைப்பான்? காதல் தகராறு, இல்லை புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கெதற்கு என்று போய்விடுவான். அதனால் "யார் சார் நீங்க, உங்களை எனக்குத் தெரியாது, கையை எடுங்க" என்று மரியாதையாக, உரக்கச் சொல்ல வேண்டும். அந்த "நீங்க" ஒன்றே போதும், தெரியாத ஆள் என்று தெரு முழுக்கப் புரியும். உதவிக்கும் பொதுவாக "யாராவது வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள், "சிவப்புச் சட்டை அண்ணா, 112-க்குப் போன் போடுங்க" என்று ஆளைக் காட்டிக் கேட்க வேண்டும். 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் நடைமேடையில் ஆட்கள் நிற்கும்போதே சுவாதி என்ற இளம்பெண்ணின் கொலை நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் கெட்டவர்களா என்ன? என்ன செய்வதென்று தெரியாமல்தான் நின்றிருப்பார்கள்.

#6 தறிச்சத்தம்

ஆசான், அந்த "நீங்க" விஷயம் சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. தங்கையிடம் படித்துக் காட்டினேன், வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம், "யார் சார் நீங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கண்டக்டர் ஐயா, அந்த ஹாஸ்டலில் அதே கம்பெனி ஆட்கள் ஏழு பேராம். கேட்டுவிட்டேன்.

#7 ரெட்டைவால்குருவி

ஆசான் சொன்ன உறைந்துபோவதைப் பற்றி ஒரு விஷயம். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2015-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு 12 மணி நேரம் பயிற்சி, மறுபாதிக்கு வெறும் துண்டறிக்கைகள். ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி எடுத்தவர்களில் 5.2 சதவீதம், எடுக்காதவர்களில் 9.8. வெறும் 12 மணி நேரம். அதிலும் அடி உதை கொஞ்சம்தான். தெரிந்த ஆள், நண்பன், சொந்தக்காரன் எல்லை மீறும்போது "சே, அவரைப் போய் தப்பாக நினைப்பதா" என்று நமக்குள் வரும் தயக்கத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் பெரும்பகுதி. ஏனென்றால் முகம் தெரியாதவன் குறைவுதான். இந்தியாவில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி தெரிந்த ஆள்தான்.

#8 ஊமத்தம்பூ

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ரோட்டில் வருகிறவனுக்கு எல்லாம் சொல்லிவிட்டீர்கள். வீட்டுக்குள் இருக்கிறவருக்கு?

கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு பிள்ளைகள். அவர் குடிக்கமாட்டார், வெளியில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். ஆரம்பத்தில் தட்டை விட்டெறிவார், அப்புறம் கை நீட்ட ஆரம்பித்தார், அடித்துவிட்டு அவரே மருந்தும் வாங்கி வருவார். மூன்று வாரத்துக்கு முன்னால் கழுத்தைப் பிடித்துவிட்டார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டார். இரண்டு நாள் குரலே வரவில்லை, மாமியார் தொண்டை கட்டியிருக்கிறது என்று மிளகுப்பால் போட்டுக் கொடுத்தார், அவருக்குத் தெரியும் என்ன நடந்தது என்று. அம்மா வீட்டில் சொன்னால் "பிள்ளைகள் முகத்தைப் பார்த்து இரு" என்பார்கள்.

ஸ்பிரேயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதே ஆளோடு அதே அறையில்தானே படுக்க வேண்டும்.

#9 இரவுப்பணி

தங்கச்சி, நான் அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸ். முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் பிறகு.

கழுத்தைப் பிடித்தது மற்ற அடி மாதிரி இல்லை. குரல் போனது, கண் இருட்டியது இரண்டும் உள்ளே அடிபட்டதற்கான அறிகுறி. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் சேதமாகியிருக்கலாம், நாள் கழித்துக்கூட பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். மூன்று வாரம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குப் போ. விழுங்கும்போது வலி, தலைவலி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் இன்றைக்கே போ. போய் "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதே. எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள், எந்தப் பாத்ரூமில் வழுக்கினால் கழுத்தில் ஐந்து விரல் பதியும்? யார் செய்தது, எப்போது என்று டாக்டரிடம் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏறும், ஏ.ஆர். காப்பி என்பார்கள், அதன் நகல் பின்னால் கோர்ட்டில் பேசும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் மாட்டேன். அமெரிக்காவில் கணவனாலோ காதலனாலோ கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளை வைத்து ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. அதன்படி, முன்பு ஒருமுறை கழுத்தை நெரித்த ஆள் பின்னால் கொலையே செய்துவிடும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல். ஜாக்குலின் கேம்ப்பெல் என்று ஒரு நர்ஸ் (ஆமாம், எங்கள் ஆள்தான்) 1980-களிலேயே இதற்கு ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். அடி முன்பைவிட அதிகமாகிறதா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாரா, கழுத்தை நெரித்தாரா, யாரோடும் பேசக் கூடாது என்று கட்டுப்படுத்துகிறாரா, நான் செத்துவிடுவேன் என்று மிரட்டுகிறாரா, இப்படிப் போகும். நீயே உனக்குள் கேட்டுப் பார். ஒரு காலண்டரில் அடிபட்ட நாட்களைக் குறித்துப் பார்க்கச் சொல்வார் அவர், அதைப் பார்த்தபிறகுதான் பல பெண்களுக்கே எவ்வளவு அடிக்கடி என்று உறைக்கிறது.

இப்போதைக்கு ஒன்று. சண்டை கிளம்புகிற மாதிரி தெரிந்தால் சமையலறையிலும் குளியலறையிலும் நிற்காதே. ஒன்றில் கத்தியும் அடுப்பும் இருக்கிறது, இன்னொன்றில் வெளியே போக வழியில்லை. வாசல் இருக்கும் அறைக்கு வா.

#10 கருப்புக்கோட்டு

நர்ஸ் அக்கா சொன்னதுக்குப் பிறகு நான் சட்டம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊமத்தம்பூ, கேஸ் என்றாலே கணவரை ஜெயிலில் போடுவது என்று பலர் நினைத்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள். இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று குற்ற வழக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) பிரிவு 85. இன்னொன்று 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இந்த இரண்டாவதில் நீங்கள் விவாகரத்து கேட்க வேண்டியதில்லை, அவரை ஜெயிலுக்கு அனுப்பவும் வேண்டியதில்லை. "என்மேல் கை வைக்கக் கூடாது, அருகில் வரக் கூடாது" என்று மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீடு அவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து உங்களை வெளியே தள்ள முடியாதபடி குடியிருப்பு உத்தரவு வாங்கலாம், மாமனார் வீடாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செலவுக்குப் பணம், பிள்ளைகள் பொறுப்பு இதெல்லாமும் அதே மனுவில் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் குற்றம், ஓராண்டு சிறை வரை போகும்.

எங்கே போவது? கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட சமூக நல அலுவலகம் இருக்கும், அங்கே பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். அவர் உங்களுக்காக அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், வக்கீல் வைக்கப் பணம் வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள், 15100-க்கும் போன் செய்யலாம். ராத்திரியில் கிளம்ப வேண்டியதாகிவிட்டால் 181. மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சகி என்றும் சொல்வார்கள், பிள்ளைகளோடு சில நாள் தங்கலாம்.

இனி கசப்பான பகுதி. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், மொத்த வழக்கும் 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடப்பில் மாதக்கணக்கில் இழுக்கும். மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னையில் ஆரம்பித்தபோது நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள், நல்ல அதிகாரிகள் இருக்கும் இடத்தில் இன்றும் அப்படித்தான். ஆனால் பல இடங்களில் இரண்டு பேரையும் உட்காரவைத்து சமாதானம் பேசி, எழுதி வாங்கி, அதே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பும் அன்றைக்கு ராத்திரிதான் ஆபத்து. எனவே ஸ்டேஷனுக்குப் போனால் தனியாகப் போகாதீர்கள், புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். கழுத்தை நெரித்தார் என்ற வார்த்தை புகாரில் இருக்கட்டும். "கணவர் அடித்தார்" என்று பொதுவாக எழுதினால் அது குடும்பத் தகராறு ஆகிவிடும்.

#11 நேர்மையாளன்77

இந்தச் சட்டத்தை வைத்து எத்தனை அப்பாவி ஆண்கள் சாகிறார்கள் என்று எழுத மாட்டீர்களே. ஒரு பக்கக் கதையைக் கேட்டுக்கொண்டு குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள். முதலில் அவள்

[மீதி நீக்கப்பட்டது]

#12 நெறியாளர்

பொய் வழக்குகளைப் பற்றி விவாதிக்கத் தனி இழை இருக்கிறது. கழுத்தை நெரித்ததாக ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த விவாதம் வேண்டாம்.

ஊமத்தம்பூ, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பிரவுசர் வரலாற்றை அழித்துவிடுங்கள். முடிந்தால் வேறு ஒருவர் போனிலிருந்து படியுங்கள். உங்கள் ஊர், பிள்ளைகள் வயது எதையும் இங்கே எழுத வேண்டாம்.

#13 ரெட்டைவால்குருவி

நெறியாளர் சொன்னதைத் தொடர்கிறேன், போன்தான் பெரிய ஓட்டை. என் சித்தி மகளுக்கு நடந்தது. அவள் எங்கே போனாலும் அவனுக்குத் தெரிந்தது, யாரோ ஆள் வைத்திருக்கிறான் என்று பயந்து செத்தாள். கடைசியில் பார்த்தால் கல்யாணமான புதிதில் அவன்தான் அவளுக்குப் போன் வாங்கி கூகுள் கணக்கும் ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான், லொகேஷன் அவனுக்கே போய்க்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதைத் திறந்து பாருங்கள், அவர் கம்ப்யூட்டர் அதில் இருக்கிறதா என்று. ஆனால் ஒன்று, கண்டுபிடித்தவுடனே எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும், சந்தேகப்படுவார். கிளம்பும் திட்டம் தயாராகும் வரை அந்தப் போனில் சமையல் குறிப்பு பாருங்கள், முக்கியமான பேச்செல்லாம் வேறு போனில்.

அப்புறம் பை. ஆதார், குடும்ப அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நகை அடகுச் சீட்டு, மாத்திரை, ஒரு செட் துணி. உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். அம்மா வீட்டிலும் வேண்டாம், அங்கேதான் முதலில் தேடுவார்கள், தவிர அவர்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியவில்லை. சித்தி மகள் டெய்லர் கடையில் கொடுத்து வைத்திருந்தாள், ப்ளவுஸ் துணிப் பை மாதிரி, யாரும் சந்தேகப்படவில்லை.

#14 பழைய_கண்டக்டர்

ஊமத்தம்பூவுக்கு என் மகள் வயசிருக்கும். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படி நடக்கும். என் வீட்டுக்காரி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். சத்தம் கேட்டால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி "தயிருக்கு உறை மோர் இருக்கா" என்று கேட்பாள். ராத்திரி பதினோரு மணிக்கு யார் உறை மோர் கேட்பார்கள்? அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் கதவு திறந்துவிட்டால் கை இறங்கிவிடும். பல வருஷம் அப்படித்தான் அந்தப் பெண் தப்பித்தாள். தீர்வு என்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒரு பெண்மணி இருந்தால் ஏதாவது ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள், மாடியில் குறிப்பிட்ட துண்டு காய்ந்தால் வந்து கதவைத் தட்டு என்கிற மாதிரி.

வக்கீலம்மாவிடம் எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பையன். பென்ஷன் வரும் நாளில் கார்டைக் கேட்பான், கொடுக்காவிட்டால் சட்டையைப் பிடிப்பான், போன மாதம் தள்ளியதில் முட்டி வீங்கிவிட்டது. வீடு அவன் பெயருக்கு எழுதிக்கொடுத்து நான்கு வருஷம் ஆகிறது. ஆம்பிளைக்கெல்லாம் இந்தச் சட்டம் வராதே?

#15 கருப்புக்கோட்டு

ஐயா, கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கு வராது, ஆனால் 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையில் தீர்ப்பாயம், வக்கீலே தேவையில்லை, வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். வீட்டை எழுதிக்கொடுத்த பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று. இருந்து, அவன் பராமரிக்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம், பிரிவு 23. நிபந்தனை எழுதாமல் விட்டிருந்தால் கடினம், ஆனாலும் மனு போடுவோம். முதியோர் உதவி எண் 14567. ஏ.டி.எம். கார்டை இன்றைக்கே பேங்கில் மாற்றிவிடுங்கள். முட்டியை டாக்டரிடம் காட்டுங்கள், நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி, வழுக்கி விழவில்லை என்று சொல்லியே காட்டுங்கள்.

#16 வடமராட்சி

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட நாட்டில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காக ஒரு வரி. இலங்கையில 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்குது. நீதவான் நீதிமன்றத்தில இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை 14 நாளுக்கும், பிறகு விசாரிச்சு 12 மாதம் வரைக்கும் எடுக்கலாம். இங்க கண்டக்டர் ஐயா மாதிரி ஆம்பிளையளும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தமிழிலயும் கதைக்கலாம்.

#17 பனங்கிழங்கு

எல்லாம் சரிதான், ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஸ்பிரே அவள் வாங்க வேண்டும், ஒத்திகை அவள் பார்க்க வேண்டும், பை அவள் ஒளித்து வைக்க வேண்டும், டாஸ்மாக் வாசலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் இந்த இழையில் ஒரு வீட்டுப்பாடமும் இல்லையா?

#18 கம்பும்_கையும்

உறுத்த வேண்டியதுதான். போன வருடத்திலிருந்து பையன்கள் வகுப்பில் ஒரு பாடம் சேர்த்திருக்கிறேன், கூட்டாளி ஒருவன் வம்பு செய்யும்போது அவனை எப்படி அங்கிருந்து இழுத்துக்கொண்டு போவது என்று. நடித்துக் காட்டச் சொல்வேன். கம்பு சுற்றுவதைவிட அது கஷ்டமாக இருக்கிறதாம் அவர்களுக்கு. ஆனால் அந்தப் பையன்கள் வளர்ந்து ஆளாகும் வரை ஊமத்தம்பூ காத்திருக்க முடியாதே.

அவர் ஸ்பிரேயை வைத்து என்ன செய்ய என்று கேட்டதற்கும் ஒரு பதில் பாக்கி. உயிர் போகும் நிலையில் திருப்பி அடித்தால் குற்றமா என்ற பயம் பெண்களுக்கு இருக்கிறது. வக்கீலம்மா சொல்லுங்கள்.

#19 கருப்புக்கோட்டு

குற்றமில்லை. பழைய ஐ.பி.சி. 96 முதல் 106, இப்போது பி.என்.எஸ். 34 முதல் 44. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம், வன்புணர்வு முயற்சி, ஆசிட் வீச்சு போன்ற நிலைகளில் எதிராளி இறந்தேவிட்டாலும் தற்காப்பு உரிமை உண்டு. 2012-ல் மதுரையில் மகளைக் காப்பாற்றக் கணவரை அடித்துக் கொன்ற பெண்ணை இந்தப் பிரிவின்படி போலீசே விடுவித்தது. 2021-ல் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் இளம்பெண் அப்படி விடுவிக்கப்பட்டார். ஆனால் ஆபத்து முடிந்தபிறகு, அவன் திரும்பிப் படுத்தபிறகு அடித்தால் அது தற்காப்பு ஆகாது. தேவைக்கு மேல் போகவும் கூடாது. இதைத் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள், வேறு வழியே இல்லாத அந்த நிமிஷத்துக்கானது மட்டும்.

#20 ஊமத்தம்பூ

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், இது தோழியின் போன். ஸ்கேன் எடுத்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை, குரல்வளையில் வீக்கம் இருந்ததற்கான தடம் இருக்கிறதாம். டாக்டர் கேட்டபோது வாய் வரை "வழுக்கி" வந்துவிட்டது, முழுங்கிவிட்டுச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

பை ஒருவர் வீட்டில் இருக்கிறது. பாதுகாப்பு அலுவலரை ஒருமுறை பார்த்தேன், அன்று கூட்டம், அடுத்த வாரம் வரச் சொன்னார். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிய மூன்று வாரம். அதற்குள் கிளம்பச் சொல்லாதீர்கள், யோசித்துத்தான் முடிவெடுத்தேன். மாடியில் ஒரு பச்சைத் துண்டு வைத்திருக்கிறேன், காயப்போடவில்லை.

#21 இரவுப்பணி

பரீட்சை வரை என்று நீ முடிவெடுத்தால் சரி, உன் வீட்டு நிலவரம் உனக்குத்தான் தெரியும். ஆனால் கழுத்துக்கு இன்னொரு தடவை கை வந்தால் பரீட்சையெல்லாம் பார்க்காதே. கிளம்பும் விஷயம் அவர் காதுக்குப் போகவே கூடாது, இந்த மாதிரி ஆட்கள் மோசமாக நடந்துகொள்வது பெரும்பாலும் பெண் விட்டுப் போகிற சமயத்தில்தான். போன பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம், இல்லை வக்கீல் சொல்லட்டும்.

#22 தறிச்சத்தம்

நான் ஆரம்பித்த இழையில் எனக்கே பேச வாய் வரவில்லை சில நாள். ஊமத்தம்பூ அக்கா, எங்கள் வீட்டிலும் அம்மா உங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

தங்கை போன திங்கள் சேர்ந்துவிட்டாள். ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மெயில் அனுப்பினார்கள், இரண்டு நாள் பதில் இல்லை, மூன்றாம் நாள் பஸ் ஹாஸ்டல் வாசலுக்கே வர ஆரம்பித்தது. காவல் உதவி செயலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸ்பிரே இடது சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா அதை நம்பாமல் ஓர் அட்டை ஊக்கும் வாங்கி அனுப்பியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை மட்டும் மாற்று டிரைவர். அவர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடுகிறார், "எனக்கு அப்படிச் சொல்லவில்லை" என்கிறாராம். அன்றைக்கு மட்டும் ஏழு பேரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

#23 பழைய_கண்டக்டர்

கார்டை மாற்றிவிட்டேன். மனு ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தாகிவிட்டது, ரசீது இருக்கிறது.

அந்த செவ்வாய்க்கிழமை டிரைவர் நம்பரை வாங்கித் தனிச்செய்தியில் அனுப்பு தம்பி. நான் பேசுகிறேன்.